முறை இல்லாத வாரம்

பிரெஞ்சுக்காரன் போன அடுத்த வருஷம், வைத்திக்குப்பம் கரையில் கடலரிப்புக்குக் கல் கொட்டும் வேலையை அரசாங்கம் ஆரம்பித்தது. மில்லில் வேலை போனவர்களுக்காகவே வந்த வேலை. ஆள் அதிகம் என்பதால் எங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு வாரம் இவர்கள், மறு வாரம் அவர்கள் என்று முறை வைத்தார்கள்.

எனக்கு அந்த மறு வாரம்தான் எமன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். மஸ்டரில், அதாவது ஆஜர்ப் பதிவேட்டில், இருக்கும் பெயர் போனால் வேறு கதி இல்லை. நான் இல்லாத வாரத்தில் இன்னொருவன் நன்றாகக் கல் தூக்கி, மேஸ்திரிக்குப் பிடித்துப்போய்விட்டால்? முறை இல்லாத வாரமும் கூடையோடு கிளம்பினேன்.

“கூலியா குடுக்கறான்? இன்னாத்துக்குய்யா போற?” என்றாள் மனைவி.

“மேஸ்திரி கண்ணுல பட்டுக்கினே இருக்கணும்டி.”

ஓசியில் வரும் ஆளை மேஸ்திரி ஏன் விரட்டப்போகிறார்?

ஒரு செவ்வாய்க்கிழமை, தணிக்கை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வராத ஆள் பெயரில் கூலி எழுதுகிறார்களா என்று பார்க்க வந்தவர். எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். மஸ்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

“பேர் இருக்கும், ஆள் இருக்காது. எல்லா ஊர்லயும் அப்படித்தான். இங்க ஆள் ஒண்ணு அதிகமா நிக்குதே! யாருய்யா அது?”

மேஸ்திரி கடலைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். பதற்றத்தில், பிரெஞ்சு துரைகளைக் கூப்பிட்ட பழைய வழக்கம் வாயில் வந்துவிட்டது.

“நான்தாங்க முசே. என் முறை அடுத்த வாரம்.”

“அப்ப இந்த வாரம் எதுக்கு வந்தே?”

“அடுத்த வாரம் இருக்குதான்னு பாக்க.”

வரிசையே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. கூலியில்லாமல் வேலை வாங்குவது, வராத ஆளுக்குக் கூலி எழுதுவதைவிடப் பெரிய தப்பாம். முறை இல்லாதவன் கரையில் கால் வைத்தால் பெயரை அடித்துவிட வேண்டும் என்று மஸ்டரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் நகர்ந்ததும் மேஸ்திரி பாய்ந்தார். “என் வேலைக்கே உல வெச்சிருப்ப! திங்கக்கெழம வரைக்கும் இந்தப் பக்கம் தல காட்டாத.”

அதுவரை போகாவிட்டால் பெயர் போய்விடும் என்று பயந்தேன். இப்போது போனால் போய்விடும். மனைவி நெத்திலி வாங்கிவரச் சொன்னாள். கரைப் பக்கம் யாராவது பார்த்துவிட்டால்? எதிர்த் திசையில் உழவர்கரை வரை நடந்து, கத்திரிக்காய் வாங்கி வந்தேன். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றேன். மேஸ்திரி மஸ்டரைப் பிரித்து முதல் பெயரை வாசித்ததுமே, “பிரெசான்!” என்று கத்தினேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொன்ன பழக்கம்.

“யோவ், அது உன் பேரா?”

என் பெயர் பதினேழாவதாக வந்தது. அதற்குள் இன்னும் இரண்டு பேருக்குப் பதில் சொல்லியிருந்தேன்.