ஆவணியைத் தவறவிட்ட வீடு

அன்புவழிபுரத்தில் ஞானசேகரத்தின் வீடு தாழ்ந்துபோய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். வீடு ஓர் அங்குலமும் தாழவில்லை. முன்னால் போகிற ஒழுங்கைதான் உயர்ந்தது. தேர்தல் வருகிற போதெல்லாம் ஒழுங்கைக்கு ஒரு தட்டுக் கொங்கிறீற்று விழும். இப்படி அபிவிருத்தி படிப்படியாக ஏறிக்கொண்டு போக, கமலாதேவியின் தகப்பன் கட்டிச் சீதனமாகக் கொடுத்த வீடு இருந்த இடத்திலேயே இருந்து பள்ளமாகிவிட்டது. மாரி பிறந்தால் ஊர்த் தண்ணீர் முன்வாசலால் உள்ளே வரும், விறாந்தையில் ஆறியிருக்கும், பின்வாசலால் போக மறுத்துவிடும்.

ஞானசேகரம் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளின் மேலேறி, அளவுநாடாவை உள்ளே இறக்கி, எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். நாடா நனைந்த அளவை நம்புவார். அதற்கு மேல் கடவுளோ கட்சியோ சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மனைவி கமலாதேவி நேர்மாறு. செவ்வாய்க்கிழமை அவர்களுடைய வீட்டிலிருந்து ஒரு பிடி உப்பும் வெளியே போகாது. ராகுகாலத்தில் தபால்காரன் மணியடித்தால் அவன் வெயிலில் நிற்கவேண்டியதுதான். இந்த இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் முப்பத்தைந்து வருடம் சண்டை இல்லாமல் இருந்ததற்கு ஊரார் காரணம் தேடினார்கள். காரணம் எளிது. இவர் விட்டதை எல்லாம் அவ பிடித்துக்கொண்டதால் அந்த வீட்டில் எதுவும் தவறிப்போகவில்லை.

பிள்ளைகள் இல்லை. ஆகவே அறுபதைத் தாண்டி இவர்கள் புதுவீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது, ஆருக்கு இந்த வீடு என்று ஒழுங்கை முழுக்க முணுமுணுத்தது. வாய்விட்டுக் கேட்டவர் கமலாதேவியின் தம்பி கதிர்காமத்தம்பி.

"அத்தான், இந்த வயசில ஆருக்கு வீடு?"

"கொக்காவுக்கு."

"அக்காவுக்குத்தான் ஐயா குடுத்த வீடு கிடக்கே!"

"அது உன்ர ஐயாவின்ர வீடு. கொக்கா அதில வாடகை குடுக்காமல் இருக்கிறா, அவ்வளவுதான்."

இது பகிடி போல இருந்தாலும் உண்மை. கமலாதேவி அந்த வீட்டில் பிறந்தவ, அங்கேயே கலியாணம் முடித்தவ. குசினி எங்கே, அடுப்பு எந்தப் பக்கம், கிணறு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அவ பிறக்கும் முன்னரே தீர்மானமாகியிருந்தன. இருட்டுக் குசினி. பகலிலும் லைற்றைப் போட்டுத்தான் அரிசியில் கல் பார்க்கவேண்டும். ஒரு வீட்டிலாவது குசினி எங்கே என்று தான் சொல்லவேண்டும் என்பது அவவின் ஆசை. ஒழுங்கையின் கடைசியில், மேட்டு நிலத்தில் வீடு, கிழக்குப் பார்த்த மூலையில் குசினி என்று சொன்னா. குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த மேசன் முனீப் அப்படியே கட்டினார். சுவர் இடுப்பளவு எழும்பியபோது கமலாதேவி வந்து பார்த்து, யன்னலை இன்னும் இரண்டடி தள்ளவேண்டும் என்றா. முனீப் ஞானசேகரத்தைப் பார்த்தார். ஞானசேகரம் வானத்தைப் பார்த்தார். சுவரை உடைத்துக் கட்டினார்கள்.

பழைய வீட்டை விற்றால்தான் புதிய வீட்டுக்குக் கூரை. வாங்க வந்தவர்கள் வெருகல் பக்கத்துக் குடும்பம். தர்மசீலன் கடற்றொழில், மனைவி யோகமலர், ஒரே மகள் லதுசா. மகளைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவேண்டும் என்று வந்தவர்கள். மாரியில் தண்ணீர் வரும் என்பதை ஞானசேகரம் மறைக்கவில்லை. முழங்காலைத் தொட்டே காட்டினார்.

"எங்களுக்குத் தண்ணி புதுசே அண்ணை?" என்றா யோகமலர். "இவ்வளவு நாளும் நாங்கள் அதைத் தேடிப் போனனாங்கள். இனி அது எங்களைத் தேடி வரட்டுமன்."

கமலாதேவி ஆவணியில் ஒரு நல்ல நாள் எடுத்தா. ஒரே நாள், ஒரே முகூர்த்தம். யோகமலர் பழைய வீட்டில் பால் காய்ச்சுவது, இவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுவது. குடிபூரல் என்றால் எங்கள் பக்கத்தில் வீடு முழுக்க முடிந்திருக்கவேண்டும் என்பதில்லை. கதவும் அடுப்பும் இருந்தால் போதும். யன்னலுக்குச் சாக்குக் கட்டிப் பால் காய்ச்சியவர்கள் எத்தனையோ பேர். பால் பொங்கினால் அது வீடு, பொங்காவிட்டால் வெறும் கட்டடம். புதுவீட்டில் கதவு இருந்தது, கூரை இருந்தது. குறையாகக் கிடந்தது தரைக்கு டைல்ஸ் மட்டும். கமலாதேவி விரும்பிய நிறம் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை.

"இப்போதைக்குச் சீமெந்துத் தரை காணும். எடுத்த நாளைத் தவறவிடக்கூடாது" என்றா அவ.

ஒருநாளும் இந்த விஷயங்களில் வாய் வைக்காத ஞானசேகரம் அன்றைக்கு வைத்தார். "ஏலாது. முப்பத்தஞ்சு வருசம் ஈரத்தில நிண்டனீர். புது வீட்டுக்குள்ள முதல் அடியே நல்ல தரையில படட்டும். ஐப்பசியில நாள் இல்லையோ?"

இருந்தது. புருஷன் தன் காலைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதில் கமலாதேவி கொஞ்சம் கிறங்கிவிட்டா என்றுதான் சொல்லவேண்டும். நாள் கோள் பார்க்கிறவ, பார்க்காதவரின் சொல்லைக் கேட்டா. அவர்கள் சேர்ந்து செய்த ஒரே பிழை அது. செய்த நேரத்தில் அது அன்பாகத்தான் இருந்தது.

எடுத்த நாள் வீணாகவில்லை. பழைய வீட்டில் யோகமலர் பால் காய்ச்சினா, பக்கத்தில் நின்று விறகு தள்ளியவ கமலாதேவி. பக்கத்து அறையை ஐப்பசி வரைக்கும் இவர்களுக்கு விட்டுக் கொடுத்தார்கள். தன் வீட்டில் தானே விருந்தாளியாக இருப்பது சுகமாக இருக்கிறது, வீடு கூட்டத் தேவையில்லை என்று கமலாதேவி சிரித்தா.

புரட்டாதியில் வயிற்றுவலி வந்தது. வாய்வு என்று நினைத்து உள்ளி அவித்துக் குடித்தா. வாய்வு இல்லை. டொக்டர் ஞானசேகரத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதைத்தார். புற்று ஈரல் வரைக்கும் பரவிவிட்டது. அவர் வெளியே வந்து மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவவும் ஒன்றும் கேட்கவில்லை. இப்படியாக இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

டைல்ஸ் வந்தது. ஐப்பசியில் எடுத்த நாளுக்கு ஒரு கிழமை முன்னர், கிளிவெட்டியில் ஞானசேகரத்தின் தமக்கை காலமானா. துடக்கு. அந்தச் சாவுத் தீட்டு உள்ள வீட்டுக்காரர் பால் காய்ச்ச ஏலாது. துடக்குக் கழிந்தபோது கமலாதேவி ஆஸ்பத்திரிக் கட்டிலில். கார்த்திகை அங்கேயே கழிந்தது. இனி மருந்தால் பயனில்லை என்று வீட்டுக்கு விட்டபோது மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் போவார்கள், வீடு மாறமாட்டார்கள்.

ஞானசேகரம் பழைய வீட்டு அறைக்குள் கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு கதையைத் தொடங்கினார்.

"நாளைக்குப் போவம் கமலா. எல்லாம் முடிஞ்சுது. கட்டிலும் போட்டாச்சு."

"மார்கழியில ஆரும் வீடு மாறுவினமோ?"

"எனக்கு மார்கழியும் ஒண்டுதான், தையும் ஒண்டுதான்."

"அப்ப தையில மாறுங்கோ. உங்களுக்கு ஒண்டுதானே."

அவர் சொல்லாமல் விட்ட மிச்சத்தை அவவே சொன்னா.

"தை வரைக்கும் நான் கிடக்கமாட்டன் எண்டுதானே சொல்ல வாறியள்? அதுக்குத்தான் சொல்றன். பால் காய்ச்சாத வீட்டுக்குள்ள என்னைக் கொண்டுபோய்ப் போட்டு, நான் அங்க முடிஞ்சன் எண்டால் அந்த வீடு செத்தவீட்டோடதான் தொடங்கும். பிறகு தனிய அதுக்குள்ள எப்பிடி இருப்பியள்?"

"எனக்கு உந்த நம்பிக்கை ஒண்டும் இல்லையெண்டு உமக்குத் தெரியும்."

"எனக்கு இருக்கு. நீங்கள் இருக்கப்போற வீடு. அதில விளையாட ஏலாது."

அவவுக்காக அவர் கட்டிய வீட்டை அவருக்காக அவ காவல் காத்தா. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து ஞானசேகரம் வாழ்க்கையில் முதல்தரமாக மனைவிக்கு ஒரு பொய் சொன்னார். கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஓட்டோ பிடித்தார். யோகமலரும் லதுசாவும் தாங்கிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். ஓட்டோ ஒழுங்கையில் ஏறியதும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் மேட்டுப் பக்கம் திரும்பியது. புதுவீட்டு வாசல் படலையடியில் ஓட்டோ நின்றது. மதில் பூசிக்கொண்டிருந்த முனீப் கையைச் சாறத்தில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இறங்கும்" என்றார் ஞானசேகரம்.

"ஏலாது."

"முனீப்பும் நானுமாத் தூக்கிக்கொண்டு போறம்."

"தூக்கிப் பாருங்கோ. நான் பெரிசாக் குளறுவன். சனம் எல்லாம் வரும்." குளறுவதற்கு அவவிடம் குரலே இருக்கவில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் தூக்கவில்லை.

கமலாதேவி ஓட்டோவின் உள்ளேயிருந்து தலையைச் சாய்த்து வீட்டைப் பார்த்தா. நல்லாக நேரம் எடுத்துப் பார்த்தா.

"பெயின்ற் வடிவா இருக்கு. முனீப் தம்பி, குசினிக்குள்ள வெளிச்சம் வருதோ?"

"வெளிச்சம் கூடிப்போய்த்து அம்மா. உள்ளுக்குப் பூசக்குள்ள கண்ணைக் கூசுது. நீங்க ஒருக்கா வந்து பாத்தா என்ன? பால் பக்கெற் ஒண்டு கடையில எடுத்துட்டு வாறன், இப்பவே காய்ச்சுவம். அல்லாஹ் ஒண்டும் சொல்லமாட்டான்."

"அவர் சொல்லமாட்டார் தம்பி. எங்கட கடவுள்தான் மார்கழியில நித்திரை." சிரித்தபடி புருஷனைப் பார்த்தா. "திருப்பச் சொல்லுங்கோ. எனக்கு ஏலாமல் கிடக்கு."

ஓட்டோ திரும்பியது. ஞானசேகரம் வழி முழுக்க மனைவியின் கையைப் பிடித்திருந்தாராம். சாரதி பிறகு சொன்னது. நாடாவை நம்புகிற மனிதர், ஒரு சொல்லைத் தாண்டிப் போக ஏலாமல் படலையடியிலிருந்தே திரும்பிவந்தார்.

மார்கழி முடியும் முன்னர், ஒரு காலையில், யோகமலர் தேத்தண்ணியோடு அறைக்குள் போனபோது கமலாதேவி போய்விட்டிருந்தா.

கதிர்காமத்தம்பி வந்ததும் முதலில் அழுதார், பிறகு ஒழுங்குகளைக் கவனித்தார். புதுவீட்டுக்குப் பிரேதத்தைக் கொண்டுபோக ஏலாது. இதுவோ விற்ற வீடு. அவர் யோகமலரைத் தனியே கூப்பிட்டார்.

"குறை நினையாதையுங்கோ தங்கச்சி. பிரேதத்தை மலர்ச்சாலையில வைச்சு அங்கயிருந்தே எடுப்பம். நீங்கள் காசு குடுத்து வாங்கின வீடு. குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு. பால் காய்ச்சி இன்னும் ஆறு மாதமும் ஆகேல்லை."

யோகமலர் இடுப்பில் சேலையைச் செருகினா. "அண்ணை, கடல் வந்து எங்கட வீட்டைக் கொண்டுபோனபோது எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை. வீடுதான் செத்தது. சா விழாத வீடு பாத்துத்தான் குடியிருக்கவேணும் எண்டால் இந்த மாவட்டத்தில கூடாரத்திலதான் இருக்கவேணும். காணி உறுதியில பேர் மாறினது எண்டு அவவுக்கு வாசலும் மாறுமோ? கொக்கா இஞ்சயிருந்துதான் போவா. லதுசா, விறாந்தைக் கதிரையளை வெளியில எடு."

அப்படியே நடந்தது. கமலாதேவி பிறந்த வாசலால் போனா.

பெண்சாதி செத்தால் வருடம் முடிகிற ஆட்டைத் திவசம் வரைக்கும் நல்ல காரியம் இல்லை. புதுவீடு ஒரு வருடம் பூட்டிக்கிடந்தது. ஞானசேகரம் பழைய வீட்டு அறையிலேயே இருந்தார். வாடகை கொடுக்கப் பார்த்தார், யோகமலர் வாங்கவில்லை. பதிலாக லதுசாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இடையில் கதிர்காமத்தம்பி இளகிவிட்டார்.

"அத்தான், இப்ப காலம் மாறிட்டுது. மூண்டு மாதம் கழிச்சுச் செய்யலாம் எண்டு ஐயரே சொல்றார். நீங்கள் உதெல்லாம் பாக்கிற ஆளும் இல்லையே."

"கொக்கா ஒத்துக்கொள்ளமாட்டா" என்றார் ஞானசேகரம். நம்பிக்கையுள்ள மைத்துனர் சலுகை கொடுக்க, நம்பிக்கையில்லாதவர் ஒரு நாளும் குறைக்காமல் வருடத்தைக் கழித்தார்.

திவசம் முடிந்து தை பிறந்தது. குடிபூரலுக்குத் தம்பதியாகத்தான் பால் காய்ச்சவேண்டும். யோகமலரும் தர்மசீலனும் காய்ச்சினார்கள். வீட்டுக்காரர் வந்த சனத்தோடு சனமாகச் சுவரோரம் நின்று பார்த்தார். பால் கிழக்கால் வழிந்தது. கிழக்கால் வழிந்தால் நல்லதாம், கதிர்காமத்தம்பி எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார். முனீப்பும் வந்து பால்சோறு சாப்பிட்டுப் போனார். பின்னேரத்தோடு சனம் கலைந்தது. யோகமலர் சட்டிபானைகளைக் கழுவிக் கவிழ்த்து, விளக்கைத் தூண்டிவிட்டு, "அப்ப நாங்கள் வாறம் அண்ணை" என்று சொல்லிக்கொண்டு போனா.

பொழுது படுகிற நேரம் ஞானசேகரம் பழைய வீட்டுப் படலையில் நின்றார்.

"என்னண்ணை, ஏதும் விட்டிட்டுப் போட்டியளோ?"

"இல்லைத் தங்கச்சி. அறை சும்மாதானே கிடக்கு?"

யோகமலருக்கு விளங்கவில்லை. "அங்க என்ன குறை? அக்கா உங்களுக்கெண்டுதானே அந்த வீட்டில ஒரு கெட்டதும் நடக்கக்கூடாதெண்டு நிண்டவ."

"ஓம். ஒண்டும் நடக்கேல்லை." அவர் விறாந்தைக் கதிரையில் இருந்தார். "அதுதான் கரைச்சல். அங்க எந்த அறைக்குள்ள போனாலும் அவவை நினைக்க ஒண்டும் இல்லை. அவ அங்க ஒரு நேரம் தேத்தண்ணி குடிச்சதில்லை, ஒருக்கால் என்னை ஏசினதில்லை. ஒரு நாள் கிடந்து அங்க செத்திருந்தாலும் எனக்கு அது வீடாகியிருக்கும்."

யோகமலர் உள்ளே போய், அன்று காலையிலேயே அந்த அறையில் குடியேறிவிட்ட மகளின் புத்தகங்களைக் கட்டிலிலிருந்து அள்ளிக்கொண்டு வெளியே வந்தா.