அசனார் அள்ளிய மண்

அசனாரோடு யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். காத்தான்குடியில் அவரைவிடப் பெரிய முரடர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் எப்போதாவது கோபம் ஆறும், அசனாருக்கு ஆறாது. ஸைனம்புவைக் கல்யாணம் முடித்து அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் கொண்டு வந்தது ஒரு மம்பட்டியும் அந்தக் கோபமும்தான். அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு, தாய் மகளுக்குக் கொடுக்கும் சீதனம்.

வீட்டுக்குப் பின்னால் மாமியாரின் வெறும் வளவு கிடந்தது. வெள்ளை மணல். அதில் கீரை போடப்போகிறேன் என்றதும் அயலெல்லாம் சிரித்தது. சிரித்தவர்களைப் பழிவாங்கவே அசனார் எருச் சுமந்தார் என்று சொல்ல வேண்டும். மாட்டுப்பட்டியில் சாணம், ஆட்டுப் புழுக்கை, மீன் வெட்டுகிற இடத்தில் குடலும் செதிலும், வாவிக்கரையில் ஒதுங்கிய பாசி என்று கடகம் கடகமாகத் தலையில் கொண்டு வந்து, குழியில் புதைத்து, மக்கியபின் மணலோடு கலந்தார். நாற்றம் பொறுக்காமல் வேலிக்கு அப்பாலிருந்து ஏசினார்கள். அவர் அதைவிட நாறுகிற சொல்லாகப் பார்த்துத் திருப்பி ஏசினார். பன்னிரண்டு வருடத்தில் மண் முழங்கை ஆழத்துக்குக் கறுத்தது. முளைக்கீரையும் பொன்னாங்காணியும் பசளிக்கீரையும் தளதளவென்று நின்றன. ஏசியவர்களே காலையில் வந்து வாங்கிப் போனார்கள்.

1936இல் ஸைனம்புவின் தங்கை றஸீனாவுக்குக் கல்யாணம் முடிவானது. மூத்தவளுக்கு வீடு, இளையவளுக்குப் பின்வளவு. இதுதான் நடக்கும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவ்வளவு பாடுபட்டவனிடமிருந்து யார் பறிப்பார்கள் என்று அசனார் மட்டும் நினைத்திருந்தார். மாமியார் கீரைக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார். புது மாப்பிள்ளை சரீப் பாத்திகளைச் சுற்றிப் பார்த்தான். நல்ல மண், இனிக் கீரையை நானே போடலாம் என்றான். அசனாருக்கு உச்சி கொதித்தது.

"வளவு ஒங்கட. மண் என்ட. என்ட மண்ண நான் அள்ளிட்டுப் போறன்," என்றார்.

வாய்ச்சவடால் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் பட்டப்பகலில் கீரையை வேரோடு பிடுங்கி எறிந்தார். கறுத்த மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றி வாவிக்குள் கொட்டினார். ஐந்து நாள் இதே வேலை. மாமியார் மண்ணை வாரித் தூற்றினார். றஸீனா அழுதாள். தடுக்க வந்த சரீப் மம்பட்டியைப் பார்த்து ஒதுங்கினான். வேறொரு நிலத்தில் கொட்டியிருந்தாலாவது அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். அவருக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. சரீப் வெள்ளை மணலைப் பார்த்து விழிக்க வேண்டும், அவ்வளவுதான். விழித்தான். அசனாருக்கு வயிறு குளிர்ந்தது.

ஐந்தாம் நாள் பின்னேரம், அசர் தொழுகை நேரத்தில் முதுகு ஒடிய வீடு திரும்பினார். இத்தனை நாளும் ஸைனம்பு வாய் திறக்கவில்லை. அவள் தன் பக்கம் என்றே எண்ணியிருந்தார். இப்போது அவள் வாசலை மறித்து நின்றாள். வெளியே அவர் உடுக்கிற சாரன்கள் இரண்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"இந்த வீடும் என்ட உம்மா தந்ததுதான்," என்றாள். "நீங்க கொண்டு வந்தத எடுத்துட்டுப் போங்க."

கதவு சாத்தப்பட்டது. அசனார் கையிலிருந்த மம்பட்டியைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் சேர்த்த மற்றதெல்லாம் வாவிக்குள் கிடந்தது.