பிளேடு பட்ட சேலை

ஐம்பத்திரண்டு வயதில், ஏழாவது வேலை தேடி தச்சநல்லூரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனேன். பார்த்த ஆறு வேலைகளையும், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

கடை முதலாளியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. மீரான். என் முதல் வேலையில், ஒரு பெரிய ஜவுளிக் கடையில், சேலை விற்றவர்.

அங்கே சேலைக்கட்டின் சாக்குத் தையலைப் பிளேடால் அறுத்துப் பிரிப்பது என் வேலை. ஒருநாள் பிளேடு ஆழமாக இறங்கி, மேலே இருந்த சேலையின் முந்தானை கிழிந்தது. கிழிசல் உள்ளே மறையும்படி மடித்து அடுக்கில் வைத்தேன். அதை விற்றவர் மீரான். வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை போட, பிரித்துக் காட்டாமல் விற்றதாக அவரை அன்றே வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது அவர் என் தாளைக் கடைசி வரி வரை வாசித்தார்.

"எல்லாம் வெவரமாத்தான் எழுதியிருக்கீரு. எனக்கு ஏன் வேலை போச்சுன்னு மட்டும் இதுல இல்லையே வே?"

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்; அவர் விடவில்லை.

"அம்புட்டு நேரா மடிக்கது அங்கன நீரு ஒருத்தருதான. கிழிசலைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"உமக்கு அப்பத்தான் பிள்ளை பொறந்திருந்துச்சு. சரி, இங்கனயும் கட்டு வருது. பிளேடு ஆழமா இறங்காம பைய பிரியும். நாளைக்கு ஒன்பது மணிக்கு வாரும்."

வீட்டுக்கு வந்து, என் பழைய டைரிகளில் அவரை அனுப்பிய நாளை எடுத்துப் பார்த்தேன். 'வேலை வழக்கம்போல். மழை இல்லை' என்று எழுதியிருந்தேன்.

சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வரியையும் திருத்தவில்லை.