சிவபாதம் ஐயா தூக்கிவந்த நாற்காலி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வியின் போனில் என் பேத்தி மல்லிகா கூப்பிட்டபோது நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். "அம்மாயி, நம்ம சிவபாதம் ஐயா போயிட்டாங்க" என்றாள். மாவுக் கையோடு வாசலில் வந்து நின்றுவிட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் பசறையிலிருந்து பதுளைக்குப் போனேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவர் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா. எனக்கு அவர் பதுளைக் கடைக்காரர்கள் நடத்தும் படிப்பு நிதியத்தின் செயலாளர். தொண்ணூறுகளின் கடைசியில், டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அங்கே புலமைப்பரிசில். மல்லிகாவோ பட்டம் முடித்து, எங்கள் தப்பு மேளத்தை ஆராய்ந்து மேற்படிப்புப் படிக்க இடம் வாங்கியிருந்தாள். உதவி கிடைக்காவிட்டால் அந்த இடம் போய்விடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்காகப் பேத்தியும் பாதியில் நிற்பதா? நானே கூட்டத்துக்குப் போனேன்.

முதலாளிமார் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையின் வீட்டார் வராந்தாவில் நின்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். ஐயா எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிவந்து எனக்குப் போட்டார்.

"இருங்கோ அம்மா. நிக்கிற ஆளிட்டைக் கேட்டால் அது விசாரணை. இருத்தி வைச்சுக் கேட்டால்தான் கதை."

"நீங்க நிக்கிறீங்களே ஐயா?"

"நான் கச்சேரியிலை இருந்து இருந்தே களைச்சுப்போனன்."

துணிக்கடை முதலாளி சிரித்தார். "தப்பு அடிக்கப் படிப்பா? அதுக்குத் தோட்டத்திலேயே இருக்கலாமே!"

எனக்குச் சுருக்கென்றது. "காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு எங்களைக் கூப்பிட்டது அந்தத் தப்புதாங்க. அதைக் கேட்டு எந்திரிச்சுப் போயி நாங்க பறிச்ச தேயிலைக் கொழுந்துதான் இப்ப உங்க கோப்பையில இருக்கு" என்றேன்.

ஐயா வாசலிலேயே நின்றபடி சொன்னார்: "டொக்டர் நோய் வருத்தத்தை மாத்துவார். நாங்கள் ஆரெண்டு எழுதிவைக்கவும் ஒரு ஆள் வேணும். கலை படிக்கிற பிள்ளையளுக்கும் ஒரு இடம் ஒதுக்குங்கோ. அதுவரைக்கும் நான் ஒரு காசோலையிலும் கையெழுத்துப் போடமாட்டன்."

செயலாளர் நிற்கும்போது மற்றவர்கள் எப்படி எழுந்து வீட்டுக்குப் போவது? மறுபடியும் தேநீர் வந்தது, ஆறியது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கலைக்கும் ஓர் இடம் என்று தீர்மானம் ஆகிவிட்டது; அது மல்லிகாவுக்குக் கிடைத்தது.

கொடுத்ததோடு அவர் மறக்கவில்லை. மல்லிகா என்ன படிக்கிறாள் என்று பார்க்க எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கே வந்தார். பசறை வளைவுகளில் தலை சுற்றி, முகம் வெளுத்து இறங்கினார். தண்ணீர் குடித்ததும் முதல் வேலையாகத் தப்பைக் கையில் வாங்கி, பெரட்டு அடியைச் சொல்லித்தரச் சொன்னார். தாளம் ஒன்றும் சேரவில்லை.

"ஐயா, இந்த அடிக்கு ஒருத்தரும் வேலைக்கு வர மாட்டாங்க!" என்றாள் செல்வி.

"நல்லதாப் போச்சு. இண்டைக்கு எல்லாருக்கும் லீவு" என்றார். லயமே சிரித்தது.

மல்லிகா இப்போது விரிவுரையாளர். அன்று பதுளையில் ஐயாவின் வீட்டு முற்றத்தில் அவள் அடித்தது சாவு அடியில்லை, அந்தப் பெரட்டு அடிதான். பட்டணத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஐயாவுக்கு வராத அடி இது. அவங்களுக்காக நான் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்தாமல் அடித்தாள்.

அப்போது அதே துணிக்கடை முதலாளி என் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்: "கலை படிக்கிற பிள்ளைங்களுக்குக் குடுத்த அந்தப் பணமும் ஐயாவோடயே முடிஞ்சிருச்சு அம்மா."

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதுகிற இதை அந்த முதலாளியும் வாசிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஹாலிஎலத் தோட்டத்துப் பிள்ளையொருத்தி ஓவியத்தில் மேற்படிப்புக்கு இந்த வருடம் நிதியத்தில் உதவி கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். அவளுடைய அம்மாவோடு நானும் கூட்டத்துக்கு வருகிறேன். ஐயாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். அந்தத் தாயை நிற்கவிட மாட்டேன். வராந்தாவில் நாற்காலி இல்லையென்றால் உள்ளே வந்து ஐயாவின் நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் போடுவேன். அதன் பக்கத்தில் நான் நிற்பேன். கடைசி பஸ் போனால் போகட்டும்.