தெய்வநாயகி அக்காவும் எஃப் 10-ம்

"சீட்டு அடிக்க எந்தப் பட்டனை அமுத்துவீங்க?" என்று தெய்வநாயகி அக்காவிடம் கேட்டால் நேரான பதில் வராது.

"எப்பவும் அமுத்தறதுதான் சாமி."

"அது எதுன்னுதான்க்கா கேக்கறேன்."

"மேல வண்டி நின்னாத்தான தெரியும்? வெறும் மேடைக்கு எப்படி அமுத்தறது?"

சேந்தமங்கலம் சாலையில் ஒரு கோழித்தீவன ஆலை. அதன் வே பிரிட்ஜ் அறையில் உட்கார்ந்திருப்பவர் அவர். மக்காச்சோள லாரி மேடையில் ஏறியதும் எடையைப் பதிந்து சீட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கத்தான் வந்தார். அப்போதிருந்த ஆபரேட்டர் கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போனவர் திரும்பவே இல்லை. லாரிகள் வரிசை கட்டி நிற்க, "நான் பாத்துட்டேதானுங்க இருந்தேன்" என்று துடைப்பத்தை வைத்துவிட்டு இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அவர் கணவர் கந்தன் அதே ஆலையின் சாக்குக் குடோனில் மூட்டை சுமந்து, தூசியில் நெஞ்சு கெட்டு, வீட்டோடு கிடக்கிறார். அக்காவுக்கும் பனிக்காலத்தில் மூச்சு இழுக்கும்.

நான் ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. என்ன வேலை என்று அப்பா கேட்டால் இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

போன மாதம் வே பிரிட்ஜின் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாக நின்றுபோனது. முதலாளியின் மகன் கௌசிக் அதைக் கீபோர்டோடு பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கி வந்தார். கூடவே கைக்கு அடக்கமாக, அழகாக, ஒரு சின்னக் கீபோர்டு. ஆனால் எடைபோடும் புரோகிராம் அதே பழையதுதான். கறுப்புத் திரை, எழுத்து மட்டும், மவுஸ் எடுபடாது. எஃப் 9 எடையை எடுக்கும், எஃப் 10 பதிந்து சீட்டு அடிக்கும், எஃப் 12 ரத்து செய்யும். புதுக் கம்ப்யூட்டரில் அதை டெர்மினல் என்ற ஒரு பெட்டிக்குள் ஓட்ட வேண்டியிருந்தது.

"மூணு மணிக்கு வந்து பாக்கறேன்," என்றார் கௌசிக். "அக்காவுக்கு இது வரலைன்னா குடோனுக்கு மாத்திரலாம். நீயே இங்க உட்காந்துக்க, சௌமியா."

அக்காவின் காதில் விழும்படிதான் சொன்னார். அக்கா திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எஃப் 10 முதலிலேயே மக்கர் செய்தது. அமுத்தினால் சீட்டு வராமல் டெர்மினலின் மெனு திறந்தது. அந்த வசதியை நிறுத்தினேன். மெனு திறப்பது நின்றது, சீட்டு வரவில்லை. எந்த விசையை அமுத்தினால் என்ன குறி போகிறது என்று காட்டும் சோதனைத் திரை ஒன்று உண்டு. அதைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். எஃப் 9 சரி. எஃப் 11 சரி. எஃப் 10 மட்டும் ஊமை. டெர்மினல்தான் இன்னும் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்து, அமைப்புகளை மாற்றி, விசைக்குப் புதுக் குறி எழுதி, மூடித் திறந்து, திரும்ப மாற்றி... வெளியே ஹாரன் சத்தம் நிற்கவில்லை.

"ஏனுங் மேடம், சோளம் மொளச்சிரும் போல இருக்குதுங்க!" என்று ஜன்னலில் தலையை நீட்டினார் லாரி டிரைவர் சடையன்.

"அவரையே மேல ஏத்தச் சொல்லு சாமி, நான் அமுத்திக் காட்டறேன்," என்றார் அக்கா.

லாரி ஏறியது. அக்கா ஜன்னல் வழியாகச் சக்கரங்களைப் பார்த்தார். கை தானாகப் போனது. எஃப் 9. அடுத்து, பழைய பெரிய கீபோர்டில் எஃப் 10 இருந்த தூரத்துக்கு விரல் நீண்டு, எஃப் 12-ல் விழுந்தது. 'ரத்து' என்றது திரை.

"கீழ பாத்து அமுத்துங்கக்கா!"

"கீழ பாத்தா வண்டிய யாரு பாக்கறது?"

மறுபடியும் ரத்து. அதற்கடுத்தது எஃப் 11. எனக்குத் தலை வெடித்தது. இவருக்கு வராது என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நாற்காலி எனக்கு வரும் என்பதும் கூடவே தோன்றியதால், என் எரிச்சல் எவ்வளவு தூரம் நேர்மையானது என்று எனக்கே தெரியவில்லை.

கோபத்தில் எஃப் 10-ஐ ஓங்கிக் குத்தினேன். விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது. முகர்ந்தேன். சந்தனம்.

"அக்கா... இதுல என்ன வெச்சீங்க?"

"பொட்டுதான் சாமி. காலைல நீ வாரதுக்கு முன்னாடியே வெச்சேன். புதுச் சாமானத்த வெறுமனே எப்படித் தொடறது?"

"இந்த ஒண்ணுக்கு மட்டுமா?"

"அதுலதான சீட்டு வருது."

சந்தனத்தை நன்றாகக் குழைத்து, விசையின் இடுக்கெல்லாம் இறங்கும்படி வைத்திருந்தார். ஈரமாக இருந்தவரை விசை இறங்கியிருக்கிறது; இப்போது காய்ந்து கல்லாகியிருந்தது. ஊக்கை விட்டு நெம்பினேன். விசையே தெறித்து, ஜன்னல் வழியாகப் போய் எடை மேடைக்கடியில் விழுந்தது.

"போச்சா?" என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "அப்ப எனக்குக் குடோன்தானா சாமி?"

காலை முழுக்கத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், விசையை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. மூன்று மணிக்குள் நாமக்கல் போய் வேறு கீபோர்டு வாங்கிவர நேரமில்லை. அமைப்புகளைத் திறந்து எஃப் 11-ம் எஃப் 12-ம் அனுப்ப வேண்டிய குறி, எஃப் 10-இன் குறிதான் என்று எழுதினேன். விரல் எங்கே விழுந்தாலும் சீட்டு வரட்டும். ரத்து செய்வதை வேறொரு மூலையில் இருந்த விசைக்குத் தள்ளினேன். மூன்று வருடம் படித்து நான் செய்யும் வேலை இதுதானா என்று கேட்டுக்கொள்ள நேரமில்லை. கௌசிக்கின் கார் உள்ளே வந்துவிட்டது.

சடையன் லாரியை மறுபடி ஏற்றினார். அக்கா சக்கரங்களைப் பார்த்தார். டக், டக். சீட்டு வந்தது. அடுத்த லாரி. சீட்டு. அடுத்ததற்கும்.

கௌசிக் குனிந்து பார்த்தார். "இதென்ன, ஒரு பல்லு போயிருக்குது?"

"அது வேண்டியதில்லைங்க," என்றேன்.

அவர் சும்மா இருக்காமல், ரத்தாகிறதா பார்ப்போம் என்று எஃப் 12-ஐத் தட்டினார். பிரிண்டர் இன்னொரு சீட்டைத் துப்பியது.

"கேன்சல் பண்ணினா சீட்டு வருது!" ஜன்னலில் சடையன் சிரித்தார். "இந்த ஆபீஸே நல்ல ஆபீஸுங்க."

நான் விவரம் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "தப்பு என்ற மேலதானுங்க தம்பி. பொட்டு வெச்சுப்போட்டேன். புள்ள அதச் சமாளிச்சுது."

கௌசிக் என்னைப் பார்த்தார், சாலை வரைக்கும் நின்ற லாரிகளைப் பார்த்தார். "அக்கா இங்கயே இருக்கட்டும். நாளைக்குப் பெரிய கீபோர்டா ஒண்ணு வாங்கிட்டு வா," என்று காரில் ஏறினார்.

மறுநாள் பெரிய கீபோர்டு வந்தது. நேற்று எழுதியதையெல்லாம் அழித்து, எல்லா விசைகளையும் முதலிலிருந்து சோதித்தேன். திரும்பினால், அக்கா கையில் சந்தனக் கிண்ணம்.

கீபோர்டைக் கவிழ்த்து நீட்டினேன்.

"பொறத்தாலயா?"

"பொறத்தாலதான்."

முணுமுணுத்துக்கொண்டே அடிப்பக்கத்தில் நடுவாக ஒரு பொட்டு வைத்தார். விரலில் மிச்சமிருந்ததை என்ன செய்வதென்று சுற்றிப் பார்த்தவரின் பார்வை என் லேப்டாப்பில் நின்றது.

"அக்கா, வேண்டாம்!" என்று கத்துவதற்குள் வைத்துவிட்டார்.