இருவேளைத் தண்ணீர்

எங்கள் சேலையூர் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் பெரியப்பா குடும்பம். மாடிப்படி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மனத்தாங்கல் வந்து, நான் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது பேச்சு அடியோடு நின்றிருந்தது. எதையும் என் மூலமாகவே சொல்லிக்கொள்வார்கள். "பெரியப்பாகிட்ட சொல்லு, மோட்டார் ஓடிட்டே இருக்கு" என்பார் அப்பா. பெரியப்பா மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். நானும் போய்ச் சொல்வேன்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது கேட்டருகே அழகுக்காக வைத்து, புதராக வளர்ந்திருந்த பாம் மரம்தான். கிரகப்பிரவேசத்துக்காக பெரியப்பாவும் அப்பாவும் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கி, ஒரே ஸ்கூட்டரில் கொண்டுவந்தார்களாம்.

அந்த வருஷம் மழை விட்டதும் அதன் அடி மட்டைகள் மஞ்சளாயின. கீழ்வீட்டார் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று பெரியப்பா முடிவு செய்தார். மாடிக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று அப்பா முடிவு செய்தார். அப்பா காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் இரண்டு வாளி ஊற்றினார். சாயங்காலம் அவர் திரும்புவதற்குள் பெரியப்பா மாடியிலிருந்து ஹோஸைத் தொங்கவிட்டார். மஞ்சள் ஏற ஏறத் தண்ணீரும் ஏறியது. இரண்டையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். யாரும் "போய்ச் சொல்லு" என்று சொல்லாததால் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதரின் ஒரு தண்டு கேட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. அம்மா அதன் குருத்தைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். குருத்து கையோடு வந்துவிட்டது. அழுகின உருளைக்கிழங்கு நாற்றம்.

"நான் ஒருத்தன் எவ்வளவுதான் ஊத்தறது?" என்றார் அப்பா, மாடிக்குக் கேட்கும்படி.

"நீ ஒருத்தனா? தெனம் சாயங்காலம் ஹோஸ் போடறது யார்ரா?" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

அப்பா அண்ணாந்து பார்த்தார். "நீயும் ஊத்தறியாண்ணா?"

பெரியப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கி வந்தார். நர்சரிக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வேர் அழுகல் சார். மொதல்ல தண்ணிய நிறுத்துங்க. கறுத்த வேரை வெட்டிப் போடுங்க. வெள்ளை வேர் கொஞ்சம் இருந்தாலும் பொழைச்சிக்கும்."

தோண்டினார்கள். களிமண் சேறாகிக் கிடந்தது. தொட்டாலே தோல் உரியும் கறுப்பு வேர்களை அப்பா வெட்டிக்கொண்டே போனார்.

"டேய், இங்க பாருடா! வெள்ளை!" என்று பெரியப்பா கத்தினார். அப்பா சேற்றிலேயே மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார்.

செத்த தண்டை அப்புறப்படுத்தி, பூஞ்சாண மருந்தைக் கரைத்து ஊற்றி, குழியை மணலும் மண்ணும் கலந்து நிரப்பினார்கள். தண்ணீர் தேங்காமலிருக்கச் சுவரோரமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். இனி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அந்த விரல் என்னுடையது என்று தீர்மானமாயிற்று.

பங்குனி பிறந்தபோது மிஞ்சிய தண்டுகளில் பச்சையாக ஒரு குருத்து கிளம்பியது. "அப்பாடா!" என்று பெரியம்மா மாடியிலிருந்தே கும்பிட்டார். அம்மா கேசரி கிளறினார். மரம் பிழைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

ஆனால் அந்தக் கோடை முழுவதும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடாத வாய்க்காலை இருவரும் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சும்மா இரு. வாரட்டும்" என்றார் அம்மா, இரண்டு டம்ளர்களில் காபியை ஆற்றியபடி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.