‘திரும்பு’ என்றொரு பொத்தான்

என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே சாஃப்ட்வேர், திரையில் தோன்றும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் இரண்டே பொத்தான்கள். ஒன்றில் ‘காப்பி’, மற்றொன்றில் ‘திரும்பு’. அதைப் பற்றி எனக்கு இன்றும் கர்வம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

2005இல் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியிடம் ஒரு கேமரா, அவருடைய மச்சானிடம் ஒரு கேமரா. இருவருக்கும் ஒரு பிடிவாதம். எந்தக் கல்யாணமானாலும் படத்தின் எண் ஒன்றில்தான் தொடங்க வேண்டும். புதுக் குடித்தனத்துக்குப் பழைய நம்பர் எதற்கு என்பார் முதலாளி. ஆக இரண்டு கேமராவிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அதே பெயர்கள். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், இருக்கிற படத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும்.

சேர்ந்த இரண்டாம் மாதம், கேட்டதைப் படிக்காமலேயே ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்று தட்டிவிட்டேன். ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டிய படம் போய்விட்டது. அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். “பரவால்லக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். வெட்கத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விண்டோஸிலும் அண்டூ உண்டு. ஆனால் அது புதிதாக வந்ததைத் தூக்கிப் போடுமே தவிர, அழிந்ததைத் திருப்பித் தராது. எனக்குக் கோபம் வந்தது. டிப்ளமாவில் அரைகுறையாகப் படித்த விஷுவல் பேசிக்கைத் தூசி தட்டினேன். நான் எழுதியது, ஒரு படத்தை மாற்றும் முன் பழையதை ‘பழசு’ என்ற ஃபோல்டரில் பத்திரப்படுத்தும். செய்ததையெல்லாம் வரிசையாகக் குறித்து வைக்கும். ‘திரும்பு’ என்றால் அந்தக் குறிப்பைப் படித்து, கடைசியாகச் செய்த காப்பிக்கு முன் இருந்தபடி எல்லாவற்றையும் ஆக்கும். முதலில் குறிப்பை மேலிருந்து படிக்க வைத்தேன். உள்ளே படங்கள் இருக்கும்போதே, தான் முதலில் உண்டாக்கிய ஃபோல்டரை நீக்கப் போய் முறைத்துக்கொண்டு நின்றது. புடவையில் கடைசியாகக் குத்திய பின்னைத்தானே முதலில் கழற்றுகிறோம்? கடைசியிலிருந்து படிக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. “போன உசுரும் அழிஞ்ச போட்டோவும் திரும்பாதும்மா. சும்மா டிஸ்க்க ரொப்பாத” என்பார். ‘பழசு’ ஃபோல்டரை அழிக்கச் சொல்லி மாதம் ஒருமுறை நச்சரிப்பார். நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து, சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண் கடலூர்ப் பக்கத்து மீனவக் கிராமம். அவளுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவர். ஆறு வருஷம் கழித்து மூன்றே நாள் லீவில் வந்தார், கல்யாணம் முடிந்ததும் கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் அவர்களுடைய அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். குடும்பம் மொத்தமும் நிற்கிற படம், பெரிதாக, சுவரில் மாட்ட வேண்டும்.

நூற்று நாற்பத்தேழாம் படம் என்று முதலாளிக்கு நினைவிருந்தது. திறந்தார். திரையில் மாப்பிள்ளையின் பெரியப்பா அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“இது எங்காளு இல்லியே” என்றார் அந்த அம்மா.

அன்று விடியற்காலை இரண்டு கேமராவின் கார்டையும் முதலாளியேதான் என் பெட்டி வழியாகக் காப்பி செய்திருந்தார். என் பெட்டியும் அதே கேள்வியைத்தான் கேட்கும்; அவரும் ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ தட்டியிருக்கிறார். முதலாளி எடுத்த பெண் வீட்டார் மேல் மச்சான் எடுத்த மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பண்ருட்டி முகூர்த்தத்துக்குப் போயிருந்த மச்சானுக்கு போன் போட்டார். கார்டு இரண்டையும் துடைத்துப் பாதிக் கல்யாணமும் எடுத்தாயிற்றாம். முதலாளியின் முகம் செத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, அந்தப் பட்டனை அமுக்கு என்று கிசுகிசுத்தார்.

“இருங்கண்ணே” என்றேன். அப்படியே அமுக்கினால் பெண் வீட்டார் திரும்புவார்கள், மாப்பிள்ளை வீட்டார் போய்விடுவார்கள். முதலில் அந்த ஃபோல்டரை முழுசாக, என் பெட்டியைத் தொடாமல் சாதாரண காப்பியாக, வேறு டிரைவில் வைத்தேன். பத்து நிமிஷம் ஆனது. முதலாளி மூன்று தரம் முகம் கழுவிவிட்டு வந்தார். அந்த அம்மாவுக்கு டீ வரவழைத்தோம்.

பிறகு ‘திரும்பு’. இதற்கு முன் நாலைந்து படங்களை வைத்துத்தான் சோதித்திருந்தேன். எண்கள் கடைசியிலிருந்து ஓடி ஒன்றில் வந்து நின்றன. நூற்று நாற்பத்தேழைத் திறந்தேன். பெரியப்பா இல்லை. பந்தல் வாசலில் ஒரு குடும்பமே நின்றது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. எதிரில் ஆள் இருந்ததால் குதிக்கவில்லை.

“உசுரப் பத்தி எனக்குத் தெரியாதுண்ணே. போட்டோ திரும்பும்” என்றேன்.

முதலாளி ‘பழசு’ ஃபோல்டரை அழிக்கச் சொல்லி அதன்பின் ஒருநாளும் கேட்டதில்லை.

திரையை அந்த அம்மாவின் பக்கம் திருப்பினேன். அவர் எழுந்து வந்து, ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்து எண்ணினார். ஏழாவது முகம் மகனுடையது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. விரல் அங்கேயே நின்றது.

“எல்லாரும் இருக்கோம்” என்றார்.